பன்றி வாங்குவதற்கு முன் ஆளைத் தேடுங்கள்: திருகோணமலையில் பன்றி வளர்ப்பைத் தொடங்குவோருக்கு

பன்றி வளர்க்கப் போகிறேன் என்று வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குட்டி என்ன விலை என்பதைத்தான். அடுத்தது, ஒரு பன்றி ஒரு தடவையில் எத்தனை குட்டி போடும். இவற்றை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் தம்பி இருக்கிறான், காணி சும்மா கிடக்கிறது, கொட்டிலைக் கட்டிவிட்டால் மிச்சத்தைப் பன்றி பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு. அப்படி எழும்பிய கொட்டில்கள் இரண்டு எங்கள் பக்கத்திலேயே நிற்கின்றன. ஒன்றில் விறகு அடுக்கியிருக்கிறார்கள். மற்றதில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று கிடக்கிறது.

எங்கள் பண்ணை அநுராதபுர வீதியில், நகரம் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பெரிதல்ல, நான்கு தாய்ப்பன்றிகளும் அவற்றின் குட்டிகளும்தான். புதிதாக வருகிறவர் இதிலும் சிறிதாகத் தொடங்க வேண்டும். பால் மறந்த குட்டிகள் ஐந்தை வாங்குங்கள், ஐந்து மாதம் வளர்த்து விற்றுப் பாருங்கள். தாய்ப்பன்றி வைப்பதும் பிரசவம் பார்ப்பதும் இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும்.

பார்க்கும் ஆள்

எங்கள் பன்றிகளைப் பார்ப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. இங்கே எழுதுவதில் பாதிக்கு மேல் அவரிடம் கற்றது. காலை ஆறு மணிக்கு வருவார். வந்ததும் தீன் வாளியைத் தொட மாட்டார். வெறுங்கையோடு வாசலில் நின்று, கதவை ஒரு தட்டுத் தட்டுவார். பன்றிகள் எழும்பிக் கத்திக்கொண்டு தொட்டிப் பக்கம் ஓடிவரும். ஓடிவருகிறவற்றை அவர் கவனிப்பதேயில்லை, வராததைத் தேடுவார். "தம்பி, செவி கிழிந்தவன் இன்றைக்குப் பின்னுக்கு நிற்கிறான்" என்றார் ஒரு நாள். எனக்கு அது நன்றாக நிற்பது போலத்தான் தெரிந்தது. மத்தியானம் வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: 40.6 பாகை செல்சியஸ். பன்றியின் வழமையான உடற்சூடு 39 பாகையை ஒட்டியது. 40ஐத் தாண்டினால் காய்ச்சல்.

இந்தக் கண் ஒரு நாளில் வராது. ஆனால் என்ன பார்ப்பது என்பதைப் பழகலாம். முதலில் யார் தின்ன வரவில்லை. பிறகு சாணம்: இறுகிக் கொட்டை கொட்டையாக இருக்கிறதா, தண்ணீராகப் போகிறதா. பிறகு மூச்சு: வெயில் ஏறுமுன்பே விலா அடிக்கிறதா. கடைசியாகப் படுக்கை. சுகமான பன்றிகள் சூட்டு நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் விரிந்து கிடக்கும். பகல் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் உள்ளே குளிர் நடுக்கம் இருக்கிறது, அதாவது காய்ச்சல்.

ஆள் தேடும்போது பலசாலியைத் தேடாதீர்கள். அவசரப்படாதவரை, சத்தம் போடாதவரைத் தேடுங்கள். தன்னை அடித்த ஆளைப் பன்றி மறக்காது. அவர் உள்ளே வந்ததும் மூலைக்கு ஓடும். எந்நேரமும் பயந்து கிடக்கும் பன்றிக்குத் தீன் உடம்பில் ஒட்டாது, சினை பிடிப்பதும் குறையும். எங்களிடம் முன்பு வேலை செய்த இளைஞர் ஒருவர் கையில் எப்போதும் கம்பு வைத்திருந்தார். அவர் போய் ஒரு மாதத்துக்குப் பிறகும் கம்பு என்றில்லை, விளக்குமாற்றைத் தூக்கினாலே கொட்டில் முழுவதும் அலறியது.

அந்த ஆளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதும் உண்டு. மாதச் சம்பளத்துக்கு வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் 3 வீதம். நான்கு பன்றிக்கு இதெல்லாமா என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். பண்ணையிலேயே குளிக்க ஒரு மறைப்பு, சவர்க்காரம், வேலைக்கென்று இரண்டு சோடி உடுப்பு, முழங்கால் வரை வரும் இறப்பர் சப்பாத்து ஆகியவையும் வேண்டும். உடுப்பு பண்ணையிலேயே தோய்ந்து பண்ணையிலேயே காய வேண்டும். இது நோய்க் கட்டுப்பாட்டுக்காக மட்டும் சொல்வதல்ல. படிக்காவிட்டால் பன்றி மேய்க்கத்தான் போவாய் என்று பிள்ளைகளை ஏசும் ஊர் இது. அக்காவின் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் மணத்தைச் சொல்லிக் கேலி செய்தார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் நான் அந்தக் குளியலறையைக் கட்டினேன். முதல் நாளே கட்டியிருக்க வேண்டும்.

காணியும் அயலும்

திருகோணமலையில் கொட்டிலுக்கு இடம் பார்ப்பது மண்ணையும் தண்ணீரையும் பார்ப்பதோடு முடிவதில்லை. கிண்ணியா, மூதூர், தோப்பூர், புல்மோட்டை போன்ற முஸ்லிம் ஊர்களுக்கு அருகே பன்றிக் கொட்டில் போட நினைக்கவே வேண்டாம். பன்றி அவர்களுக்கு விலக்கப்பட்டது. அவர்களுடைய கிணற்றுக்கோ வாய்க்காலுக்கோ உங்கள் கழிவு ஒரு துளி போனாலும் அது வெறும் சுகாதாரப் பிரச்சினையாக நிற்காது. கோயில் சூழலுக்கும் இதே பொருந்தும். சைவக் குடும்பங்களில் பலர் பன்றி இறைச்சியைத் தொடுவதில்லை. ஹோட்டல் மிச்சம் ஏற்றும் பீப்பாயைக்கூட மூடிபோட்டு, சந்தை நேரத்தைத் தவிர்த்துக் கொண்டுபோகிறேன். இப்படி நடந்துகொண்டதில் எனக்கு ஒரு நட்டமும் வரவில்லை. அயலவர் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். அத்திவாரம் வெட்டிய பிறகு சொல்லப் போனால் அது சொல்வதாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும்.

வயலை ஒட்டியும் போடாதீர்கள். தேங்கிய வயல் நீரில் பெருகும் நுளம்பு ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பன்றியிலிருந்து மனிதருக்குக் கொண்டுபோகும். பன்றியின் உடலில் அந்தக் கிருமி பெருகும், ஆனால் வளர்ந்த பன்றி நோயாளி போலத் தெரியாது. 1980களின் நடுவில் அநுராதபுரப் பக்கம் இந்நோய் பரவிப் பலர் இறந்தார்கள். இப்போது பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசிகளில் இதுவும் இருக்கிறது; பண்ணையில் வேலை செய்பவரின் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்று அட்டையை வாங்கிப் பாருங்கள். தம்பலகாமம் போல வயல் சூழ்ந்த இடமென்றால் மேட்டுக் காணியாக, வீடுகளிலிருந்தும் வயலிலிருந்தும் தள்ளித் தேடுங்கள்.

தண்ணீர் எவ்வளவு தேவை என்பதைப் புதியவர்கள் எப்போதும் குறைத்தே கணக்கிடுகிறார்கள். வளர்ந்த பன்றி ஒன்று நாளுக்கு 8 முதல் 10 லீற்றர் குடிக்கும். பால் கொடுக்கும் தாய்ப்பன்றிக்கு 30 லீற்றர் வரை போகும். கழுவுவதற்கு இன்னும் அவ்வளவு. கரையோரக் கிணறுகள் ஆவணி, புரட்டாதியில் உவர்த்துவிடும். காணி வாங்குமுன் அந்த மாதத்தில் ஒரு தடவை கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள்.

கடதாசி வேலை: பிரதேச சபையில் வியாபார அனுமதியும் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் உங்கள் எண்ணிக்கைக்குத் தேவையா என்று கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை இடத்துக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணையைப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு இல்லாதவருக்கு நோய்க் காலத்தில் ஒரு கதவும் திறக்காது.

கச்சானுக்கும் மாரிக்கும் கொட்டில்

பன்றிக்கு வியர்க்காது. சேற்றில் புரள்வது அழுக்கின்மீது ஆசைப்பட்டல்ல, உடம்பைக் குளிர்த்திக்கொள்ள வேறு வழியில்லாமல்தான். வைகாசி முதல் புரட்டாதி வரை இங்கே அடிக்கும் கச்சான் காற்று மனிதரின் உதட்டையே வெடிக்க வைக்கும். தடித்த கொழுப்போடு படுத்திருக்கும் பன்றியை நினைத்துப் பாருங்கள். ஆகவே கொட்டிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் உள்ளே விழாது. தகரம் போடுவதானால் மேலே கிடுகு வேயுங்கள். கூரைத் தாழ்வாரம் ஏழெட்டு அடி உயரம் இருக்க வேண்டும். சுவர் நான்கு அடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேலே காற்று ஓடட்டும். கச்சான் வரும் தென்மேற்குப் பக்கம் சாக்குகளைத் தொங்கவிட்டு, பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நனைத்துவிடுவோம். சூடேறி இளைக்கும் பன்றியின் தலையில் ஒரேயடியாகக் குளிர்நீரை ஊற்றக் கூடாது. காலிலிருந்து தொடங்கி மெதுவாக நனைக்க வேண்டும்.

ஐப்பசியில் தொடங்கும் மாரிக்கு வேறு ஏற்பாடு. வாடைக் காற்றோடு சாரல் அடிக்கும் வடகிழக்குப் பக்கத்தைத் தறப்பாளால் மறைக்க வேண்டும்.

ஐந்து பன்றிக்கு எட்டடிக்குப் பத்தடி அறை ஒன்று போதும். தளம் கொங்கிறீற்று, ஆனால் கரண்டியால் மினுக்கிவிடாதீர்கள், வழுக்கி விழுந்த பன்றிக்குப் பின்னங்கால் எழும்பாது. விளக்குமாற்றால் இழுத்துச் சொரசொரப்பாக விடுங்கள். பத்தடிக்கு மூன்று நான்கு அங்குலம் சரிவு. கழிவு ஓடும் கானை மூடிய குழிக்குக் கொண்டுபோங்கள். கடலுக்கோ ஓடைக்கோ விடாதீர்கள். ஒரு பெரிய பன்றி நாளுக்கு நான்கைந்து கிலோ சாணமும் சலமும் கழிக்கும். வசதியிருந்தால் உயிர்வாயுக் குழி கட்டலாம், தீன் அவிக்கும் அடுப்புக்கே அது உதவும்.

ஒரு சின்ன வித்தை: குட்டிகளை உள்ளே விடுமுன் கானுக்கு அருகே உள்ள மூலையை நனைத்து, அங்கே கொஞ்சம் சாணம் போட்டு வையுங்கள். மற்ற இடம் காய்ந்திருக்கட்டும். மூன்று நாளில் அந்த மூலைதான் மலசலகூடம் என்று அவை முடிவுசெய்துவிடும். படுக்கும் இடத்தில் பன்றி கழிக்காது. இடம் கொடுத்தால் மாட்டைவிடச் சுத்தமான பிராணி.

வெளியே இரண்டாவது வேலி ஒன்று தேவை. காட்டுப்பன்றி இரவில் பெட்டையின் மணம் பிடித்து வரும். தவிட்டு மூட்டையைத் தனி அறையில் இறுக்கிப் பூட்டுங்கள். முதலிக்குளம், கந்தளாய்ப் பக்கங்களில் தவிட்டு மணத்துக்கு யானையே வந்து சுவரைத் தள்ளும்.

குட்டி வாங்கும் நாள்

எட்டு வாரம் கடந்த, 12 முதல் 15 கிலோ வரை நிறையுள்ள குட்டியை வாங்குங்கள். வெள்ளை இனங்களான லார்ஜ் வைட், லாண்ட்றேஸ், அல்லது அவற்றின் கலப்புகள் நல்ல தீனில் ஆறேழு மாத வயதில் 90 கிலோவைத் தொடும். ஊர்ப் பன்றி அந்த அளவுக்கு வளராது, ஆனால் வெயிலைத் தாங்கும். கலப்புக் குட்டி இங்கே பொருத்தம். வெள்ளைத் தோல் கச்சான் வெயிலில் எரிந்து சிவக்கும் என்பதை மறக்க வேண்டாம். வாங்கப்போகும் குட்டியின் உடன்பிறப்புகள் எல்லாவற்றையும் பாருங்கள், தாயையும் பாருங்கள். பின்புறம் நனைந்திருந்தால், தொப்புள் வீங்கியிருந்தால், தோலில் சொறி இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஒரே பண்ணையில் வாங்குங்கள். லொறியில் ஊர் ஊராகக் கொண்டுவரும் கலவைக் குட்டிகள் மலிவுதான்; நோயும் அதே லொறியில்தான் வருகிறது. கொண்டுவந்த குட்டிகளை ஏற்கெனவே இருப்பவற்றிலிருந்து விலக்கி 30 நாள் வேறாக வைத்திருங்கள், வேறு வாளி, வேறு சப்பாத்து.

மாதமும் முக்கியம். இங்கே பன்றி இறைச்சிக்கு நல்ல கேள்வி நத்தாருக்குத்தான். டிசம்பரில் விற்க வேண்டுமென்றால் ஜூலையில் குட்டி வாங்க வேண்டும். ஜூலையோ கச்சானின் உச்சம். இந்த இக்கட்டுக்கு நல்ல வழி கிடையாது. குட்டி வந்த முதல் வாரம் நிழலும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுப்பதுதான் எங்கள் வழி.

தீன்

தாராளமாகக் கிடைப்பவை: கந்தளாய், தம்பலகாமம் அரிசி ஆலைகளின் தவிடு, சீனக்குடா மா ஆலையின் கோதுமைத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, மீன் கழிவு, உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களின் மிச்சச் சோறு. அறுபது கிலோப் பன்றிக்கு நாளுக்கு இரண்டு முதல் இரண்டரைக் கிலோ காய்ந்த தீன் வேண்டும். ஹோட்டல் மிச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த தீனுக்கு ஈடாக நான்கைந்து கிலோ மிச்சம் கொடுக்க வேண்டும் என்பதை உணராமல், வாளி நிறைய ஊற்றிவிட்டேன், ஏன் தேறவில்லை என்று கேட்பவர்களே அதிகம். அரிசித் தவிடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் கொழுப்பு எண்ணெய்போல் இளகும். தவிட்டை மாதக்கணக்கில் வைக்கவும் கூடாது, காறிவிடும். மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகப் போடாதீர்கள். அவித்து நீரை வடித்துப் போடுங்கள். மீன் கழிவை விற்பதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இறைச்சியில் மீன் மணக்கும்.

கிழக்குக் கரைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சுற்றுலாப் பயணிகள் இங்கே நிறைவது சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில். மாரி தொடங்கியதும் கடற்கரை ஹோட்டல்கள் காலியாகிவிடும், மிச்சமும் நின்றுவிடும். நத்தார்ப் பன்றிகள் அகோரமாகத் தின்னும் மாதங்கள் சரியாக அவைதான். முதல் ஆண்டில் எனக்கு இது தெரியாது. கார்த்திகையில் பீப்பாய் வெறுமையாகத் திரும்பி வந்தது, பன்றிகள் நிறை குறைந்தன. ஆகவே கடைசி இரண்டு மாதத்துக்கான தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் காசை ஜூலையிலேயே ஒதுக்கி வையுங்கள்.

மிச்சம் எதுவானாலும் அவிக்க வேண்டும். கிடாரத்தில் கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், அடிவரை கிளறிக் கிளறி அவிக்க வேண்டும். பல்லுக்குச்சி, லஞ்ச் சீற், முட்கம்பி எல்லாம் அதில் வரும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள். பன்றி இறைச்சித் துண்டோ சொசேஜோ கண்ணில் பட்டால் அந்தப் பீப்பாயையே புதைத்துவிடுங்கள், காரணம் கீழே வருகிறது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் பிழை. ஒரு மீன்வாடியில் கருவாடு ஊறிய தண்ணீர் வீணாகப் போகிறதே என்று இரண்டு பீப்பாய் கொண்டுவந்து தீனில் கலந்தேன். அன்று மோட்டரும் பழுது. குடிதண்ணீர்த் தொட்டி பின்னேரம் வரை காய்ந்து கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை, அக்காவோ ஊரில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். மறுநாள் காலை ஒரு பன்றி சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்று செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றியது, கண் தெரியவில்லை. பிறகு வலிப்பு. ஒன்பதில் இரண்டு செத்தன. உப்பு தின்ற பன்றிக்குத் தண்ணீர் இல்லாமற் போனால் மூளை வீங்கும். அந்த நேரத்தில் ஒரேயடியாகத் தண்ணீர் காட்டினால் இன்னும் மோசமாகும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். அன்று முதல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை விரலை விட்டுப் பார்க்கிறேன்.

குட்டி போடும் இரவு

இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டை 21 நாளுக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும். முதுகை இரு கையாலும் அழுத்தினால் அசையாமல், செவியை நிமிர்த்தி நின்றால் அதுதான் நேரம். சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம், மூன்று கிழமை, மூன்று நாள் என்று நினைவில் வைப்பார்கள். செப்டெம்பர் 1இல் சேர்த்தால் டிசம்பர் 24இல் குட்டி போடும். அன்று நீங்கள் இறைச்சி விற்றுக்கொண்டு நிற்பீர்கள். நான் நின்றேன்.

அன்று காலை அக்கா மடியை ஒரு பிதுக்குப் பிதுக்கினார். காம்பில் வெள்ளைத் துளி நின்றது. "இன்றிரவு போடும், நீ ஓர் இடமும் போகாதே தம்பி." பால் துளிர்த்தால் ஒரு நாளுக்குள் பிரசவம். தாய் வைக்கோலை வாயால் இழுத்துக் குவிக்கத் தொடங்கியிருந்தது. இரவு பத்து மணிக்கு மழை, பதினொன்றுக்கு மின்சாரம் நின்றது. ரோச் வெளிச்சத்தில் முதல் குட்டி. பிறகு பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒன்று. ஆறாவது குட்டி அசையவில்லை. அக்கா சின்ன விரலை அதன் வாய்க்குள் விட்டுச் சளியை வழித்தார், பின்னங்காலில் தலைகீழாகப் பிடித்தார், சாக்குத் துண்டால் விலாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். தும்மல் போல ஒரு சத்தம். "ம்" என்று அதைத் தாயின் முன்காம்பில் ஒட்டிவிட்டு ஏழாவதைப் பார்க்கப் போனார்.

அந்த இரவுக்கு வேண்டியவை அதிகமில்லை: காய்ந்த சாக்கு, தொப்புளுக்கு அயடின், நூல், கத்தரிக்கோல், வைக்கோல் போட்ட மரப்பெட்டி, அதன்மேல் வெப்ப விளக்கு, மின்சாரம் போனால் சுடுதண்ணீர்ப் போத்தல்கள். பிறந்த குட்டிக்கு 32 பாகையளவு சூடு வேண்டும். தாய்க்கோ அந்தச் சூடு தாங்காது. அதனால்தான் குட்டிக்குத் தனி மூலை. தாய் முக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் குட்டி வரவில்லை என்றால் கையைக் காலை விடாமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். கடைசியில் இளங்கொடி விழுந்ததா என்று பார்த்து அகற்றுங்கள்.

கடும்புப் பால், அதாவது ஈன்றதும் சுரக்கும் முதல் பால், பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியின் வயிற்றுக்கும் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் குட்டிகள் தங்களுக்குள் காம்பைப் பங்கிட்டுவிடும். பிறகு கடைசிவரை ஒவ்வொன்றும் தன் காம்பில்தான் குடிக்கும். நோஞ்சானை முன்காம்புக்குப் பழக்கிவிட்டால் பிழைக்கும், அங்கேதான் பால் அதிகம். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசி. கொங்கிறீற்றில் பிறக்கும் குட்டிக்கு மண் கிடையாது, பாலில் இரும்பு மிகக் குறைவு. ஊசி தவறினால் மூன்றாம் கிழமை வெளிறிச் சாகும். ஆண் குட்டிகளை முதல் இரண்டு கிழமைக்குள் வைத்தியரைக் கொண்டு நலமடியுங்கள்.

குட்டிகள் அதிகம் சாவது தாய் படுக்கும்போது நசுங்கித்தான். சுவரிலிருந்தும் தளத்திலிருந்தும் எட்டுப் பத்து அங்குலம் விட்டு இரும்புக் குழாய் ஒன்றைச் சுற்றிவரப் பொருத்துங்கள். தாய் சரியும்போது குட்டி அதன் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். குழாய் போடுமுன் ஒரே இரவில் மூன்று குட்டிகளை இழந்தோம்.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல்

2024 ஒக்டோபரில் இந்த நோய் மேல் மாகாணத்தில் உறுதியாகி, பிறகு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. நீர்கொழும்பு, சிலாபம் என்று நாட்டின் பன்றிப் பண்ணைகள் செறிந்த மேற்குக் கரையில் கொட்டில்கள் வெறுமையாயின. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்தில்லை. அநேகமாக எல்லாமே செத்துவிடும். கடுங்காய்ச்சல், தீனை முகராமை, செவியும் அடிவயிறும் ஊதா நிறமாவது, இரத்தக் கழிச்சல், சில வேளை ஒரு குறியும் இல்லாமல் காலையில் பிணம்.

இந்தக் கிருமி, உறைய வைத்த இறைச்சியில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். அதனால்தான் சொசேஜ் கண்ட பீப்பாயைப் புதைக்கச் சொன்னேன். அதனால்தான் பன்றி இறைச்சிச் சாப்பாட்டுப் பார்சல் எங்கள் படலைக்குள் வர முடியாது, எனக்கும் அதே சட்டம். வேட்டைப் பன்றியின் தோலோ குடலோ வளவுக்குள் வரக் கூடாது. காட்டுப்பன்றிக்கும் இந்த நோய் வரும். வாசலில் தொற்றுநீக்கி ஊற்றிய தட்டு இருக்கட்டும், ஆனால் சாணத்தைக் கழுவிய பிறகே சப்பாத்தை அதில் வையுங்கள். சாணத்தோடு நனைத்தால் மருந்து வேலை செய்யாது. வியாபாரியின் லொறி படலைக்கு வெளியே நிற்கட்டும். விலை பேச வருகிறவர் கொட்டிலுக்குள் வந்துதான் பார்ப்பேன் என்றால் வேறு வியாபாரியைப் பாருங்கள்.

இரண்டு பன்றி திடீரெனச் செத்தால் புதைக்க அவசரப்படாதீர்கள், விற்கவும் ஓடாதீர்கள். அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இருக்கிறது. புதைக்கச் சொன்னால் ஆறடி ஆழத்தில், சுண்ணாம்பு போட்டு, கிணற்றிலிருந்து தள்ளி. கடற்கரை மணலில் ஆறடிக்கு முன்பே தண்ணீர் ஊறும், மேட்டைத் தேடுங்கள்.

மற்ற நோய்கள் பலவற்றுக்கு ஊசியும் மருந்தும் இருக்கின்றன. அட்டவணையை வைத்தியரிடம் வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். பார்க்கும் ஆளுக்கும் ஏற்பு ஊசி போடுங்கள். எலிச்சலத்தாலும் பன்றிச் சலத்தாலும் எலிக்காய்ச்சல் வரும். கையில் காயத்தோடு கான் கழுவ விடாதீர்கள். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், நான் பன்றிப் பண்ணையில் வேலை செய்கிறேன் என்று கூச்சப்படாமல் முதலில் சொல்லச் சொல்லுங்கள். அக்கா ஒரு தடவை வெட்கத்தில் அதை மறைத்துவிட்டு, இரண்டு நாள் வெறும் பனடோலோடு கிடந்தார்.

விற்பது

வியாபாரி கண்ணால் நிறை சொல்வார். அது எப்போதும் உங்களுக்குக் குறைவாகத்தான் இருக்கும். தையல்காரரின் நாடா ஒன்று வாங்குங்கள். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை அங்குலம், இரு செவிக்கு நடுவிலிருந்து வாலடி வரை எத்தனை அங்குலம் என்று அளவெடுங்கள். நெஞ்சளவை அதே நெஞ்சளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 400ஆல் வகுத்தால் இறாத்தல் வரும். நெஞ்சு 40, நீளம் 42 என்றால் 168 இறாத்தல், ஏறத்தாழ 76 கிலோ. முதல் தடவை நான் நாடாவோடு நின்றபோது வியாபாரி சட்டை தைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். அடுத்த தடவை அவரே நாடா கொண்டுவந்தார்.

ஊசி போட்ட பன்றியை வைத்தியர் சொன்ன நாள் கழியுமுன் இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள். அனுமதி உள்ள இடத்தில்தான் அறுக்க வேண்டும்; வளவுக்குள் அறுத்து வாளியில் விற்பது சட்டத்துக்கும் அயலுக்கும் ஒவ்வாது. ஏற்றுவதற்கு முந்தைய இரவு தீனை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். விடியுமுன் ஏற்றுங்கள்; பத்து மணி வெயிலில் லொறியில் நின்ற பன்றி வழியிலேயே விழும். சுகாதாரச் சான்றிதழும் கொண்டுசெல்லும் அனுமதியும் சாரதியின் கையில் இருக்கட்டும். ஏற்றும்போது அடிக்காதீர்கள்: பலகை ஒன்றை இரு கையாலும் பிடித்துப் பின்னால் நடந்தால் போதும், சுவர் என்று நினைத்து அதுவே முன்னால் போகும். எங்களிடம் அந்தப் பலகையைப் பிடிப்பது நான்தான். அக்கா அன்றைக்குப் படலைப் பக்கமே வர மாட்டார், கிடாரத்தை விளக்கிக்கொண்டிருப்பார்.

பிறகு அறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, இரண்டு கிழமை வெறுமையாகக் காய விடுங்கள். தளத்தில் வெடிப்பிருந்தால் சீமெந்து பூச, தண்ணீர்க் குழாயின் உப்பைச் சுரண்ட, வேலிக் கம்பி மாற்ற இந்த இரண்டு கிழமைதான் கிடைக்கும். பன்றி இல்லாவிட்டாலும் பார்க்கும் ஆளின் சம்பளம் அந்த நாட்களுக்கும் உண்டு. அதைத் தீன் செலவோடு சேர்த்து முதலிலேயே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.